கொடுத்ததா, பேசி வாங்கியதா, பறித்ததா?

நம் நாட்டில் ஜனநாயகம் எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் மெர்டேக்கா எப்படிக் கிடைத்தது என்ற கதையைத்தான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் ஒன்று இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் மலாயா வரலாற்றைப் பற்றிய முக்கியமான சண்டைகள் எல்லாம் நடக்கின்றன. ஜோசப் பெர்னாண்டோவின் அரசியலமைப்பு உருவான வரலாறு (2002), டி.என். ஹார்ப்பரின் 'தி எண்ட் ஆஃப் எம்பயர் அண்ட் தி மேக்கிங் ஆஃப் மலாயா' (1999), சின் பெங்கின் 'மை சைட் ஆஃப் ஹிஸ்டரி' (2003), ஃபாமி ரெசாவின் 'செபுலோ தாஹூன் செபெலும் மெர்டேக்கா' ஆவணப்படம் (2007) ஆகிய நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நான்கும் ஒரே நாட்டைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்றே சந்தேகம் வரும்.

முதலில் பள்ளிக்கூடக் கதை. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம். ஆகவே என் செட்டில் யாரும் இதிலிருந்து தப்பவில்லை. மலாயன் யூனியன், அதற்கு எதிர்ப்பு, அம்னோ, கூட்டரசு, கம்யூனிஸ்ட் பயங்கரம், கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல், 1955 பொதுத்தேர்தல், லண்டன், ரீட் ஆணையம், 31 ஆகஸ்ட். படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. என் வேலையில் இரண்டு வகை வரைபடங்கள் உண்டு. கட்டுவதற்கு முன் வரைவது ஒன்று, கட்டி முடித்தபின் உண்மையில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று குறித்து வைக்கும் 'ஆஸ்-பில்ட்' இன்னொன்று. பாடப்புத்தகம் முதல் வரைபடத்தைக் காட்டி இரண்டாவது இதுதான் என்கிறது. நடுவில் எதுவும் இடிக்கப்படவில்லை, எந்தக் குழாயும் அடைக்கப்படவில்லை.

ஆங்கிலேயன் கொடுத்துவிட்டுப் போனான் என்ற கதையை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. படிப்படியாகப் பழக்கி, ஊராட்சியில் தொடங்கி நாடாளுமன்றம் வரை கொண்டுவந்தோம் என்பது அவர்கள் தரப்பு. அதே அரசு 1946-இல் ஓர் அரசியலமைப்பையும் 1948-இல் இன்னொன்றையும் மக்களிடம் ஒரு வாக்கும் கேட்காமல் நாட்டின்மேல் இறக்கியது. 1947 ஜூலையில் 'ஏ.பி.ஐ.' என்ற மலாய் இளைஞர் இயக்கத்தைத் தடை செய்தது. போருக்குப் பின் மலாயாவில் தடை செய்யப்பட்ட முதல் அரசியல் அமைப்பு அதுதான். ஆசிரியர் வகுப்பறைக் கதவைப் பூட்டிவிட்டு 'பாடம் நடத்தினேன்' என்று சொல்வதுபோல இருக்கிறது.

பேரக் கதை அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. மூன்று இனங்களின் தலைவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், விட்டுக்கொடுத்தார்கள், ஒரு நாடு கிடைத்தது என்கிறது அது. அரசியல் அறிஞர் ஆரண்ட் லைப்ஹார்ட் 1977-இல் இதை உலகத்துக்கே ஒரு மாதிரியாக எடுத்துக் காட்டினார். பிளவுபட்ட சமூகங்களில் மேல்தட்டுத் தலைவர்களின் ஒத்துழைப்பால் ஜனநாயகம் நிற்க முடியும் என்பதற்கு மலேசியா அவருக்கு ஓர் உதாரணம். பெர்னாண்டோவின் நூல் இந்தக் கதையின் மிகச் சிறந்த வடிவம். ரீட் ஆணையத்தின் ஐந்து பேரில் மலாயாக்காரர் ஒருவரும் இல்லை. பிரிட்டனிலிருந்து இருவர், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தானிலிருந்து ஒவ்வொருவர். அதனால் வெளியாட்கள் எழுதித் தந்த அரசியலமைப்பு என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. பெர்னாண்டோ ஆவணங்களைத் தோண்டி, உண்மையான சிற்பிகள் கூட்டணித் தலைவர்கள்தான் என்று காட்டுகிறார். ஆணையத்துக்கு வந்த 131 மனுக்களில் கூட்டணியின் மனுவுக்கு இருந்த எடை வேறு எதற்கும் இல்லை. ஆணையம் எழுதியதையும் அப்படியே விடவில்லை. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனை செய்யலாம் என்ற பரிந்துரை 1957-இன் பேச்சுகளில் காணாமல் போனது.

அந்த நூலைப் படித்தபின், 'சமூக ஒப்பந்தம்' என்று நம் அரசியல்வாதிகள் மேசையைத் தட்டிப் பேசுவதைக் கேட்கும் விதமே மாறிவிடுகிறது. அரசியலமைப்பில் அந்தச் சொல் கிடையாது. அது அரசியல் வழக்கில் வேரூன்றியது 1986-இல் அப்துல்லா அகமட் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்குப் பிறகுதான். பேரம் நடந்தது உண்மை. அதைக் கல்வெட்டாக்கியது பிந்தைய ஒரு தலைமுறை.

ஆனால் பேரக் கதைக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணும். அந்த மேசையே எப்படி வந்தது என்று கேட்காது. அம்னோ-ம.சீ.ச. கூட்டு எந்தப் பெரிய தத்துவத்திலும் பிறக்கவில்லை. 1952 பிப்ரவரி கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சியைத் தோற்கடிக்க உள்ளூர்த் தலைவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. 12 இடங்களில் 9 கிடைத்ததும்தான் மேலிடம் விழித்துக்கொண்டது. நம்ம ம.இ.கா. அந்தத் தேர்தலில் எதிர்ப்பக்கம், ஓன் ஜாபாரோடு நின்றது! கூட்டணியில் சேர்ந்தது 1954-இல். பாடப்புத்தகப் படத்தில் தோளோடு தோள் நிற்கும் அந்த மூவரில் ஒருவர் கடைசிப் பேருந்தைப் பிடித்து ஓடி வந்தவர்.

இப்போது 1955 ஜூலை 27. இந்தத் தேதியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 98 பேர் கொண்ட சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள் 52 பேர்தான், மற்றவர்கள் நியமனம். அந்த 52-இல் கூட்டணி 51-ஐ வென்றது. மிச்சம் ஒன்று பாஸ் கட்சிக்கு. ஓன் ஜாபாரின் புதுக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. இதை ஜனநாயகத்தின் பிறந்தநாள் என்று கொண்டாடலாம். ஆனால் யார் வாக்களித்தார்கள்? பதிவான வாக்காளர்கள் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். மக்கள்தொகையில் அவர்கள் ஏறக்குறைய பாதி. சீனர்கள் வாக்காளர்களில் 11 விழுக்காடு, இந்தியர்கள் அதிலும் பாதிக்குக் குறைவு. நாட்டின் ரப்பரை வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அன்றைக்குக் குடியுரிமையே இல்லை.

என் பாட்டிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பால்மரக் காட்டில் வேலை. "ஓட்டா? அது அவங்களுக்கு வந்ததுன்னு நெனச்சோம், எங்களுக்கு இல்லன்னு யாரும் வந்து சொல்லக்கூட இல்ல" என்பார். கடைசிவரை சிவப்பு ஐசிதான்.

இதே எண்களை எதிர்ப்பக்கமாகவும் படிக்கலாம் என்பதால்தான் 1955 எனக்கு முக்கியம். கூட்டணி நிறுத்திய 52 பேரில் 35 பேர் அம்னோ, 15 பேர் ம.சீ.ச., இருவர் ம.இ.கா. அந்தப் பதினைந்து பேரும் இருவரும் ஒருவர் விடாமல் வென்றார்கள். அதாவது மலாய் வாக்காளர்கள் பெரும்பான்மையாக இருந்த தொகுதிகளில் மலாய்க்காரர்கள் சீனருக்கும் இந்தியருக்கும் வாக்களித்தார்கள். இன்றைய தொகுதிக் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி. வி.தி. சம்பந்தன் சட்டமன்றம் போனது அப்படித்தான். இது மேல்தட்டுப் பேரத்தின் வெற்றியா, அல்லது சாதாரண மலாய் வாக்காளர் தன் தலைவர்களைவிடத் தாராளமாக இருந்தாரா? லைப்ஹார்ட்டின் கோட்பாடு முதலாவதை எடுத்துக்கொள்ளும். இரண்டாவதை மறுக்க அதனிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் தலைமுறைக்குப் பிடித்த கதை இதற்கும் எட்டாண்டு முந்தியது. ஃபாமி ரெசாவின் படம் வந்தது மெர்டேக்காவின் ஐம்பதாம் ஆண்டில், பட்டாசுக்கு நடுவே. அதன் மையம் 1947. இடதுசாரி மலாய் அமைப்புகளின் கூட்டணியான 'புத்தெரா', தான் செங் லோக் தலைமையில் தொழிற்சங்கங்களும் மலாயா ஜனநாயக ஒன்றியமும் ஜான் திவியின் ம.இ.கா.வும் இருந்த ஏ.எம்.சி.ஜே.ஏ. ஆகிய இரண்டும் சேர்ந்து, ஆங்கிலேயர்களும் சுல்தான்களும் அம்னோவும் பேசி முடித்த கூட்டரசுத் திட்டத்துக்கு மாற்றாக ஒரு மக்கள் அரசியலமைப்பை எழுதின. முழுதும் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம். சிங்கப்பூரும் சேர்ந்த ஒரே நாடு. சுல்தான்கள் அரசியலமைப்பு மன்னர்கள். மலாய் அதிகாரத்துவ மொழி. எல்லாவற்றுக்கும் மேலாக, சீனரும் தமிழரும் உட்பட எல்லாக் குடிமக்களின் தேசியமும் 'மெலாயு'. அது இனத்தின் பெயராக இல்லாமல் குடியுரிமையின் பெயராகிறது. பதிலுக்கு முதல் மூன்று சட்டமன்றங்களில் மலாய்க்காரர்களுக்கு 55 விழுக்காட்டுக்குக் குறையாத இடம். 1947 அக்டோபர் 20 அன்று இதற்காக நாடு தழுவிய ஹர்த்தால். கடைகள் மூடின, தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலை நின்றது.

முதல் முறை இதைப் பார்க்கும் யாருக்கும் கோபம் வரும். பன்னிரண்டு வருடம் வரலாறு படித்தும் இது தெரியாதே! அந்தக் கோபம் நியாயமானது. படம் செய்த பெரிய காரியம், அந்த இயக்கத்தில் இருந்த முதியவர்களைக் கேமரா முன் உட்கார வைத்ததும், 'இனவாரியாகத் தவிர வேறெப்படியும் இந்த நாட்டை யோசிக்க முடியாது' என்ற மூடநம்பிக்கையை உடைத்ததும்தான்.

ஆனால் படத்தை மூன்றாம் முறை பார்க்கும்போது எனக்குச் சில கேள்விகள் வந்தன. ஹர்த்தால் வென்றதற்குக் காரணம் மக்கள் சக்தி மட்டும்தானா? சீன வர்த்தகச் சங்கங்கள் ஆதரித்தன, கடைகள் மூடின. நாலே மாதத்தில், 1948 பிப்ரவரியில் கூட்டரசு நடப்புக்கு வரும்போது இன்னொரு ஹர்த்தால் யோசனை எழுந்தபோது அதே முதலாளிகள் பின்வாங்கினார்கள், யோசனை செத்தது. அப்படியானால் 1947-இன் ஒற்றுமைக்குள்ளும் ஒரு பேரம் இருந்திருக்கிறது. 55 விழுக்காடு என்பதே ஒரு பேரம்தானே? 'மெலாயு' என்ற பெயரை ஏற்றதும் கொடுத்து வாங்கியதுதான். பேரக் கதைக்கும் போராட்டக் கதைக்கும் நடுவே நாம் போடும் கோடு அவ்வளவு நேரானதல்ல. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 1947-இன் பேரம் அச்சடிக்கப்பட்டு, திடலில் கூட்டம் போட்டுச் சொல்லப்பட்டது. எதற்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தோட்டத்தில் இருப்பவருக்கும் தெரிந்தது. 1957-இன் பேரத்தில் எது கைமாறியது என்பதை அறிய நமக்கு ஒரு பெர்னாண்டோ காப்பகங்களில் உட்கார வேண்டியிருந்தது.

இன்னொரு கேள்வி சங்கடமானது. தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பிடியில் இருந்தது. அந்தக் கட்சி 1948-இல் ஆயுதத்தை நோக்கித் திரும்பியபோது, மக்கள் அரசியலமைப்பு அதற்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது? சின் பெங்கின் நூலைப் படித்தால் பதில் ஓரளவு கிடைக்கிறது: அதிகம் இல்லை. அவருடைய கணக்கில், காட்டுப் போர்தான் ஆங்கிலேயனைச் சுதந்திரத்தை விரைவுபடுத்த வைத்தது. அதில் ஓர் உண்மை இருக்கிறது. 1955 டிசம்பர் பாலிங் பேச்சில், உள்நாட்டுப் பாதுகாப்பும் படையும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கையில் வந்தால் ஆயுதத்தைக் கீழே போடுகிறோம் என்று அவர் சொன்னது, அடுத்த மாதமே லண்டன் போன துங்குவின் கையில் நல்ல சீட்டாக விழுந்தது. ஆனால் சுதந்திரம் விரைந்ததைக் கணக்கில் எழுதும் சின் பெங், அந்தப் போரின் பெயரால் எதெல்லாம் மூடப்பட்டன என்பதை எதிரியின் கணக்கில் மட்டுமே எழுதுகிறார். போராட்டக் கதையின் இரண்டு நாயகர்களான ஹர்த்தாலும் காடும் ஒன்றுக்கொன்று உதவியவை என்று நாம் வசதியாக நினைத்துக்கொள்கிறோம். ஒன்று மற்றதைத் தின்றது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஹார்ப்பர் மற்ற மூவரையும்விட எனக்கு நெருக்கமாகிறார். 1945 முதல் 1948 வரையான காலத்தை அவர் 'மலாயா வசந்தம்' என்கிறார். பத்திரிகைகள், சங்கங்கள், நாடகக் குழுக்கள், பெண்கள் அமைப்புகள், தொழிற்சங்கங்கள். கட்சிக்கும் அரசியலமைப்புக்கும் வெளியே மனிதர்கள் கூடிப் பேசிக் கைதூக்கி முடிவெடுக்கக் கற்றுக்கொண்ட காலம். அவசரகாலம் அதை மூடியது. மூடிய கையோடு இன்னொன்றையும் செய்தது. சுமார் ஐந்து லட்சம் பேரைக் காட்டோரத்திலிருந்து பெயர்த்து முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடிவைத்தது. அந்தக் கிராமங்களில்தான் 1952-க்குப் பிறகு உள்ளூர் மன்றங்களுக்குத் தேர்தல் நடத்தப்பட்டது! வாசலில் சோதனை, அரிசிக்குக் கட்டுப்பாடு, உள்ளே வாக்குப்பெட்டி. இதைக் கொடுத்ததில் சேர்ப்பதா, பறித்ததில் சேர்ப்பதா? எந்தக் கதையிலும் இது ஒழுங்காக உட்காராது. உட்காராததாலேயே மூன்று கதைகளும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

நம் பக்கம் வருகிறேன். மலேசியத் தமிழர்களிடம் இதற்கு நாலாவதாக ஒரு கதை இருக்கிறது. அதன் பெயர் தியாகம். எஸ்.ஏ. கணபதி, மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முந்தைய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒவ்வொரு மே மாதமும் கணபதியின் படம் நம் கைப்பேசிகளில் வலம் வரும். 'நாம் மறந்த தமிழ் மாவீரன்' என்ற வகை வாசகங்களோடு. அவரை நினைப்பது நல்லது. ஆனால் அவர் தலைமை தாங்கிய சம்மேளனம் தமிழர் சங்கம் அல்ல. சீனத் தொழிலாளர்களும் மலாய்த் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். அவரைத் தமிழ் மாவீரனாக்கும்போது, ஆங்கிலேயன் எதை அழிக்க நினைத்தானோ அதையே நாமும் படத்திலிருந்து வெட்டி எடுத்துவிடுகிறோம். தூக்குக்கயிறு இருக்கிறது, சங்கம் இல்லை.

தியாகக் கதை மரணத்தைத்தான் தேடும். அ. ரெங்கசாமி சயாம் மரண ரயிலையும் இந்திய தேசிய ராணுவத்தையும் நாவலாக்கியது நமக்குப் பெரிய கொடை. ஆனால் சாவும் போரும் நாவலுக்குள் வரும் அளவு எளிதாக, சந்தாப்பணம் கட்டி நடத்திய ஒரு சங்கக் கூட்டம் வராது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் முன்னின்றார். பிறகு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாம் இறப்பை நினைவில் வைத்திருக்கிறோம். கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். அரசியலமைப்பு, வாக்குரிமை, குடியுரிமை எதுவும் காதில் விழாத காலத்தில், 'நான் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன்' என்று கூடிப் பேசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஜனநாயகம் எப்போது தொடங்கியது என்று ஒரு தேதி கேட்டால், 1955-க்குப் பக்கத்தில் இதையும் எழுதச் சொல்வேன். துங்குவுக்குக் கோபம் வராது என்று நினைக்கிறேன். அவரும் கார் பிரியர்தான்.

இந்தக் கதைகளில் எது சரி என்பதை வெறும் கல்வி விவாதமாக நான் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. எப்படி வந்தது என்று நாம் நம்புகிறோமோ, அதை வைத்துத்தான் எது போய்விட்டது என்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. கொடுத்தது என்று நம்புகிறவர் நன்றி சொல்வார். பேசி வாங்கியது என்பவர் ஒப்பந்தத்தைக் கிளறாதே என்பார். 1947-இல் திருடப்பட்டது என்று நம்புகிற நம் நண்பர்கள், அதற்குப் பிறகு நடந்த எதையும் பெரிய இழப்பாக எண்ணுவதில்லை, ஏனெனில் அவர்கள் கணக்கில் எல்லாம் அன்றே போய்விட்டது. மே 13-க்குப் பின் 1971 பிப்ரவரி வரை நாடாளுமன்றமே இல்லாமல் நாடு ஓடியதும், 2018-இல் 61 வருட ஆட்சி வாக்குச்சீட்டில் விழுந்ததும் இந்த மூவருக்கும் பின்குறிப்புதான்.

கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலைப் பற்றிச் சொன்னேன். ஜார்ஜ் டவுனில் அதற்கும் முன்பே, 1951-இல் நடந்தது. இந்த நாட்டில் வாக்குப்பெட்டி முதலில் இறங்கிய இடம் நகராட்சி. பாடப்புத்தகத்தில் அது முதல் படி என்று வரும். அந்தப் படியை 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நிறுத்தி வைத்தார்கள், 1976 சட்டத்தில் மொத்தமாக எடுத்துவிட்டார்கள் என்பது அதே அழுத்தத்தோடு வராது. நடுவில் உள்ளாட்சி பற்றி ஆராய அரசே ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. தலைவர், செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா.காரர், கூட்டணியின் ஆள். நாடு முழுக்கக் கேட்டு, உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவையாகவே இருக்க வேண்டும் என்று அந்த ஆணையம் எழுதியது. அரசு அதை ஏற்கவில்லை.

கணபதிக்குப் போஸ்டர் அடிக்கும் நாம் இந்த அறிக்கையைப் பற்றி ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை. இதில் தூக்குமேடை கிடையாது. கூட்டணிக்குள் இருந்த ஒரு தமிழர், தன் அரசுக்கே பிடிக்காத முடிவைப் பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்திட்டார், அவ்வளவுதான். பினாங்கு மாநிலம் உள்ளாட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர எடுத்த முயற்சியைக் கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் தள்ளுபடி செய்தது. இன்றைக்கும் என் வீட்டுக்கு எதிரே வடிகால் அடைத்துக்கொண்டால், நான் தேர்ந்தெடுக்காத ஒரு கவுன்சிலருக்குத்தான் வாட்ஸ்அப் அனுப்புகிறேன்.